முதல் உருண்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கத்திய இடங்கள் வரும்போது யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் ஓசூரில் நர்ஸாக இருந்தபோது, சந்தைக்கு வருகிறவர்கள் என்னைக் "கத்துற நர்சம்மா" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். டாக்டரம்மா இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு முன்னால், கத்துற நர்சம்மா இருக்கிறாளா என்று வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்களும் உண்டு.

எங்கள் ஆஸ்பத்திரியைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய தானியக் கிடங்கு இருந்தது. அதைத் தடுத்து, முன்னால் நோயாளிகள் உட்காரவும், நடுவில் டாக்டரம்மா பார்க்கவும், பின்னால் மருந்து வைக்கவும் இடம் செய்திருந்தோம். மழைக்காலத்தில் கேழ்வரகு வாசனையும் டிஞ்சர் வாசனையும் கலந்து அடிக்கும். டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெல்லப் பேசுவார், நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு அதற்குப் பிறகு இன்னும் மெல்லப் பேசுவார். அது என் கோபத்தை அதிகமாக்கும்.

வீடு வாசல் உள்ளவர்கள் வந்தால் கொள்ளு, புளி, முட்டை என்று ஏதாவது கொண்டுவருவார்கள். இல்லாதவர்கள் வெறுங்கையோடு வருவார்கள். டாக்டரம்மா எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை, எங்கே என்று கேட்டதும் இல்லை. எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் சந்தைக் கொட்டகையிலும் புளியமரத்தடியிலும் படுத்துக் கிடந்தவர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டால் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்றிருக்கிறவர்களுக்கு, நோயாளி ஒருவர் கூலியை விடுவதே பெரிது, துணைக்கு இன்னொருவரும் விட்டால் என்ன ஆகும்?

அந்தச் சமயத்தில் பெங்களூர் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு ஒரு கூட்டம் வந்திருந்தது. பாறையை உடைத்து ஜல்லியாக்கி, ரோட்டோரத்தில் குவித்து வைப்பது அவர்கள் வேலை. ரோடு நகர நகர அவர்களும் நகர்வார்கள். சாக்குப் பையையும் ஈச்ச ஓலையையும் வைத்துக் குடிசை போடுவார்கள், வேலை முடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள், சிலர் யோசிப்பார்கள். தெலுங்கில் எண்ணுவார்கள், கன்னடத்தில் திட்டுவார்கள், அழுவது மட்டும் தமிழில்.

அவள் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தாள். சந்தை நாள். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தவள், இருமும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்து, உடனே அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் போய் முந்தானையை இழுத்துப் பார்த்தேன். காய்ந்த ரத்தமும் காயாத ரத்தமும் இருந்தன.

"எத்தன நாளா இது?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்கம்மா. எல்லாரும் பாக்கறாங்க," என்றாள்.

அவளுக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். புருஷன் போன வருஷம் இதே இருமலில் போயிருந்தான். அவனுடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், இவளோடு கூடவே இருந்தாள். அவளுக்கும் கல்லுடைக்கும் வேலைதான். இரண்டு பெண்களும் ஒரே குடிசையில் படுத்தார்கள். டாக்டரம்மா நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். காசம். கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்போது இந்த நோய்க்குப் புதிதாக மாத்திரை வந்திருந்தது. அதற்கு முன்னால் காசம் என்றால் நல்ல காற்று, பால், முட்டை, கடவுள் என்று நான்கையும் சொல்லி அனுப்பிவிடுவோம். கல்லுடைப்பவளுக்கு நல்ல காற்றுக்கு எங்கே போவது? பெங்களூரில் டாக்டரம்மாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்த மாத்திரையையும், கூடப் போட வேண்டிய ஊசியையும் வாங்கி அனுப்பியிருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குச் சற்று மேலேயே காணும். அவ்வளவுதான் வந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை டாக்டரம்மா தன் ஜெபமாலையோடு கோத்து வைத்திருந்தார்.

யாருக்குக் கொடுப்பது என்று அவர் பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் இவளுக்கு என்று முடிவு செய்தார். "வயசு சின்னது. ஒரு பக்கம்தான் கெட்டிருக்கு. போட்டா பிழைப்பா," என்றார். அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. சாகப் போகிறவர்களுக்கு இருமல் கஷாயம் ஊற்றிக் கொடுத்துக் கொடுத்து என் கை சலித்துப் போயிருந்தது.

தினமும் வந்து போக அவளால் முடியாது. சந்தைக்குச் சந்தை வந்து ஊசி போட்டுக்கொள்வது, அடுத்த சந்தை வரைக்கும் மாத்திரையை வாங்கிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. நான் அவளை நிறுத்தி வைத்து நாலு தடவை சொல்லிக்கொடுத்தேன். அவளும் தலையாட்டினாள். முதல் மாதத்தில் ரத்தம் நின்றது. காய்ச்சல் குறைந்தது. நான் அவளைப் பார்த்து, "என்னா, கன்னம் வக்குது?" என்று கிண்டல் செய்யும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஒரு சந்தை நாள் காலையில் நாங்கள் கதவைத் திறந்தால், அந்தக் கூட்டமே வாசலில் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வாசல் மழை பெய்தால் சேறாகிவிடும், நோயாளிகள் வழுக்கி விழுவார்கள். அவர்கள் கூடை கூடையாக ஜல்லி கொண்டுவந்து கொட்டிப் பரப்பி, கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. மேஸ்திரி, அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர், ஐம்பது வயதிருக்கும், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவைக் கும்பிட்டார்.

"நீங்க குடுக்கற மருந்து நல்லா வேல செய்யிதும்மா. எனக்குக் கூட இப்பல்லாம் நெஞ்சு இறுக்கம் கொறஞ்சிருக்குது," என்றார்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மேஸ்திரியின் கையில் ஜல்லிக் கூடை இருந்தது, எங்கள் வாசலுக்காகத் தூக்கி வந்த கூடை. அந்த ஒரு தடவை நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் நானே அவர்கள் இடத்துக்கு நடந்து போனேன். ஊரைத் தாண்டி, சூளகிரிப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு வளைவில் குடிசைகள் இருந்தன. சாப்பாட்டு நேரம். ஒரே அடுப்பு, ஒரே பெரிய பானை. எல்லாரும் ரோட்டோரத்தில் ஒரே வரிசையாகக் குந்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவர்களைக் குந்தச் சொல்லிவிட்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

வரிசையின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். அடுத்து நாத்தனார். அடுத்து மேஸ்திரி. அதற்குப் பிறகு இருமுகிற இன்னும் இரண்டு பேர். அப்புறம்தான் மற்றவர்கள். நல்ல உடம்புக்காரர்கள் கடைசியில். களி கிளறியவள் பானையோடு வந்து, முதல் உருண்டையை அவள் தட்டில் வைத்தாள். பிறகு வரிசையாக. எல்லா உருண்டையும் ஒரே அளவு. யாரும் முதலில் வாய் வைக்கவில்லை. கடைசி ஆளுக்கு விழுந்த பிறகுதான் எல்லாரும் கை வைத்தார்கள்.

அது அவர்கள் வழக்கம். நோவில் படுத்தவர்கள் தலைமாட்டில் உட்கார வேண்டும், முதல் உருண்டை அவர்களுக்கு. வேலை செய்ய முடியாவிட்டாலும் களி உண்டு. அவர்கள் உடைக்க வேண்டிய கல்லை மற்றவர்கள் பங்கு போட்டு உடைத்துவிடுவார்கள். பிழைத்து எழுந்தால் வரிசையில் கீழே இறங்கி உட்காருவார்கள். ஊர் இல்லாத, நிலம் இல்லாத அந்த ஜனங்களுக்கு நோய் வந்தால் பட்டினி கிடக்காமல் இருக்க இருந்த ஒரே வழி அதுதான். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். என் சொந்தக்காரர்கள் பலருக்கு இந்தப் புத்தி கிடையாது என்று கூட நினைத்தேன்.

களி முடிந்ததும் அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை எடுத்தாள். கல்லின் மேல் வைத்து, இன்னொரு சின்னக் கல்லால் பக்குவமாகத் தட்டினாள். துண்டுகளை நாத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் அடுத்த இரண்டு பேருக்கும் கொடுத்தாள். கடைசித் தூளை விரலில் தொட்டுத் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து கத்திய கத்தலில் ரோட்டில் போன வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். "மருந்து என்ன களி உருண்டையா? ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளித் துன்ன? ஒரு ஆளு பொழைக்கறதுக்குக் குடுத்தத அஞ்சு பேரு சாவறதுக்குப் பங்கு போடறீங்களே!"

அவள் அழ ஆரம்பித்தாள். மேஸ்திரி அழவில்லை, கோபப்படவும் இல்லை. நியாயம் பேசுகிறவர் மாதிரி பேசினார்.

"அம்மா, இவ மூணு மாசமா கல்லு ஒடக்கல. இவ பங்குக் கல்லுக் குமிய நாங்கதான் ஒடக்கிறோம். எங்க உருண்டய இவ துன்றா. இவ மருந்த நாங்க துன்றோம். மருந்து மட்டும் தனக்குன்னு வச்சிக்கிட்டா, அப்பறம் களிய மட்டும் எப்படிம்மா கேப்பா?"

நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன். அன்றும் பேசினேன். அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மாவிடம் வந்து சொன்னேன். இந்த மருந்து அரைகுறையாக உள்ளே போனால் நோய் அதற்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் முழுசாகக் கொடுத்தாலும் கேட்காது என்று எனக்கு விளக்கினார். எனக்கு அது தெரியும். அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஐந்து பேருக்கும் முழுசாகக் கொடுக்க எங்களிடம் இல்லை. பெங்களூருக்கு ஆள் விட்டுக் கேட்டதில், இப்போதைக்கு இல்லை என்று பதில் வந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவே என்னோடு அந்த இடத்துக்கு வந்தார். அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்னறையில் ஒரு கட்டில் போடலாம், சாப்பாடு நாங்கள் கொடுத்துவிடுவோம், தினமும் என் கண் முன்னால் மாத்திரையை முழுங்க வேண்டும்.

"பந்திய விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்றாள் அவள். "நான் வரல."

மேஸ்திரிதான் அவளைச் சம்மதிக்க வைத்தார். யோசித்து, டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவளுக்கு ஆனதும் அடுத்த ஆளுக்குத்தானேம்மா?"

டாக்டரம்மா, "பார்க்கலாம்," என்றார்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். இல்லை என்று சொல்லத் தயங்கும்போது படித்தவர்கள் சொல்கிற வார்த்தை அது. ஆனால் மேஸ்திரி அந்தக் கணத்தில் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். தலைமாட்டில் இருப்பவளுக்கு முதலில், பிறகு அடுத்தவளுக்கு, பிறகு தனக்கு என்று அவர் மனசில் வரிசை ஓடியது. நான் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்திருப்பார்.

அவள் எங்கள் பின்னறையில் ஒரு வருஷம் இருந்தாள். முதல் வாரம் கட்டிலில் படுக்கவே இல்லை, தரையில் சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். தட்டில் களியை வைத்தால், முதலில் ஒரு கிள்ளு எடுத்துத் தட்டின் ஓரத்தில் தனியாக வைப்பாள். அப்புறம்தான் சாப்பிடுவாள்.

"அது யாருக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குத்தான்," என்றாள்.

"அவங்க வந்தா துன்னப் போறாங்க? காக்காதான் துன்னப் போவுது."

"துன்னட்டும்மா. நான் மட்டும் துன்னேன்னு இருக்கக் கூடாதில்ல."

அவர்கள் பங்கும் இவளுக்கு வந்துகொண்டிருந்தது. தேக்கிலையில் சுற்றிய ஒரு களி உருண்டை. கூட்டம் சூளகிரியைத் தாண்டிய பிறகு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்கள். அவர் வாசலில் நின்று, "ஏம்மா, ஒங்க பொண்ணுக்குச் சீர் வந்திருக்குது," என்று கிண்டல் செய்துவிட்டுக் கொடுத்துப் போவார். வரும்போது அது கல்லாகியிருக்கும். அவள் மோரில் கரைத்து ஒரு சொட்டு விடாமல் குடிப்பாள். கூட்டம் கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் அதுவும் நின்றுபோனது. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

நான் அவள்மேல் பிரியமாகிவிட்டேன் என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவள் வாசலைப் பெருக்குவாள், ஜல்லியில் முளைத்த புல்லைப் பிடுங்குவாள், நோயாளிகளிடம் என்னைப் போலவே கத்திக் காட்டிச் சிரிக்க வைப்பாள். மாத்திரையை முழுங்கிவிட்டு நாக்கை நீட்டி, "பாத்துக்குங்க, திருடல," என்பாள். உடம்பு தேறியது. ஊசிக்குக் கை கிடைக்காமல் எலும்பாக இருந்தவள், வளையல் ஏறாமல் திண்டாடினாள்.

வருஷம் முடிந்து டாக்டரம்மா அவள் நெஞ்சைக் கேட்டுவிட்டு, "போகலாம்," என்றார். அன்று எங்கள் இருவருக்கும் பண்டிகை மாதிரி இருந்தது. நான் என் சேலை ஒன்றைக் கொடுத்தேன். தன் கூட்டத்தைத் தேடிக்கொண்டு அவள் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறிப் போனாள். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வேலையில் பிழைத்துப் போனவர்களை நாங்கள் சீக்கிரம் மறந்துவிடுவோம்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் ஒரு லாரி வந்து நின்றது. அவள் இறங்கினாள். பிறகு மேஸ்திரியைக் கைத்தாங்கலாக இறக்கினாள். பாதி ஆளாகியிருந்தார். பிறகு நாத்தனாரை ஒருவர் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த இருமல்காரர்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் வந்திருந்தார். இன்னொருவரைப் பற்றி நான் கேட்கவில்லை.

அவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. தாங்களே பரப்பிய ஜல்லியின் மேல், எங்கள் வாசலுக்கு நேராக வரிசையாகக் குந்தினார்கள். தலைமாட்டில் நாத்தனார், சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அடுத்து மேஸ்திரி. அடுத்து இருமல்காரர். தூக்கி வந்தவர்கள் அதற்கடுத்து. எல்லாருக்கும் கடைசியில், வரிசையின் கால்மாட்டில், என் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

"என்னா இது?" என்றேன்.

"எனக்கு ஆயிடுச்சிம்மா. நான் கீழ எறங்கிட்டேன்," என்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "இப்ப இவளுக்குப் போடுங்க. அப்பறம் மேஸ்திரிக்கு."

ஒரு வருஷமாக அவர்கள் வைத்தியத்துக்கு எங்கேயும் போகவில்லை. வேறு ஆஸ்பத்திரி எதையும் தேடவில்லை. ரோட்டோரத்தில் கல்லை உடைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு, தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். கத்த வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? உள்ளே ஓடினேன்.

டாக்டரம்மா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அலமாரியில் ஒன்றும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய் பெங்களூர் பஸ் ஏறினார். மைசூர் ராஜ்ய எல்லை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். நான் கேழ்வரகு மாவு எடுத்துக் களி கிளறினேன். எனக்குச் சரியாக வராது, கட்டி கட்டியாக இருந்தது. அவர்கள் வரிசைப்படியே வாங்கிக்கொண்டார்கள். நாத்தனார் ஒரு விரல் நக்கிவிட்டுப் போதும் என்றாள். வெயில் ஏறியது, இறங்கியது. யாரும் இடம் மாறவில்லை.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. எங்கெங்கோ ஏறி இறங்கிக் கெஞ்சி வாங்கியது. ஒரு ஆளுக்குத்தான் காணும். அவர் வாசலுக்கு வந்து, ஜல்லியின் மேலேயே உட்கார்ந்து, மேஸ்திரிக்கு நேருக்கு நேர் சொன்னார்.

"ஒருத்தருக்குத்தான் இருக்கு. மத்தவங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் சொல்லி அனுப்பறேன். அன்னைக்கு நான் பார்க்கலாம்னு சொல்லியிருக்கக் கூடாது."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு, "தலமாட்டுல இருக்கறவளுக்குப் போடுங்க," என்றார்.

நான் தண்ணீரும் மாத்திரையும் எடுத்து வந்து நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை வாயில் வைத்தாள். பல்லால் கடித்தாள். பாதியை வெளியே எடுத்து, பக்கத்தில் இருந்த மேஸ்திரியிடம் நீட்டினாள். அவளுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. மேஸ்திரியின் கையும் பழக்கத்தில் கொஞ்சம் எழுந்தது.

நான் நகர்வதற்கு முன்னால், வரிசையின் கடைசியிலிருந்து அவள் எழுந்து ஓடி வந்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்து, அந்தப் பாதியை அவள் வாய்க்குள்ளேயே தள்ளி, தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"முழுங்கு," என்றாள். "முழுங்கு புள்ள. மருந்து என்ன களி உருண்டையா?"

என் வார்த்தை அது. என் குரலில், என் கத்தலில் சொன்னாள். சொல்லும்போது மேஸ்திரியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நாத்தனார் முழுங்கினாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஒரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நான் கற்றுக்கொடுத்ததை அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

மேஸ்திரி நீட்டிய கையை மடக்கி, முழங்காலில் ஊன்றி எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த ஜல்லித் தூளைத் தட்டினார்.

"சரி, எந்திரிங்க. வெளிச்சம் இருக்கறப்பவே போயிச் சேரணும்," என்றார்.

நாத்தனாரையும் அவளையும் தவிர வரிசை எழுந்துவிட்டது. டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே லாரி வரைக்கும் கூட நடந்தார். மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் சரிங்கம்மா, சரிங்கம்மா என்றார். போக மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் அவர் இல்லை என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னார்.

நாத்தனார் பிழைத்தாள். பின்னறைக் கட்டிலில் அவள் கிடந்தாள், துணைக்கு இவள் எங்களோடேயே தங்கிவிட்டாள். நான் ஓசூரை விட்டுப் போகும் வரை இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

லாரி போன மறுநாள் மத்தியானம் நான் துணைக்கு நின்ற இவளுக்குத் தட்டில் களி போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கம் போல எதிரில் உட்கார்ந்தேன். அவள் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு ஓரத்தில் எதையும் எடுத்து வைக்காமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். வாசலில் காக்கை வந்து கத்திக்கொண்டிருந்தது.